கிறிஸ்துமஸுக்குச் சொன்ன பொங்கல் படம்

நம்மாளு என்று நாங்கள் சொல்லும் எங்கள் நடிகனின் புதுப்பட டீசர் வந்த அன்றைக்குத் தறி செட்டில் என் தறி மட்டும் நூல் அறுந்து நின்றுவிட்டது. நின்றது எனக்குத் தெரியாது. போனைச் சுவரில் சாய்த்துவைத்து, மழைக்குள் அவன் காக்கிக் கோட்டு போட்டு நடந்து வருவதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி பின்னால் வந்து நின்றார்.

“ஏலே, இங்கன தறி ஓடுதா, படம் ஓடுதா?”

“படம் பொங்கலுக்குத்தான் ஓடும் அண்ணாச்சி. இப்ப டீசர்தான் ஓடுது.”

செட்டே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுத்தான் திட்டினார். எனக்கு வாய் அப்படி. பதினொன்றாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தியது இந்த வாய்தான் என்று வீட்டில் சொல்வார்கள். நான் கணக்குப் பாடத்தைக் குற்றம் சொல்வேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் ரசிகர் மன்றத்துக்கு பிளக்ஸ் வாசகம் எழுதுகிறவன் நான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ரயில்வே கேட் பக்கம், தியேட்டர் வாசல் என்று என் எழுத்து காற்றில் கிழிகிறவரை தொங்கும். அதுதான் இதுவரை வெளியான என் படைப்புகள். நாவல் எழுதவேண்டும் என்ற ஆசையை இரண்டு பேரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். மன்றத்துப் பையன்களிடம் சொன்னால், அதில் நம்மாளுக்கு எத்தனை சண்டை என்று கேட்பார்கள்.

அந்த இரண்டு பேரில் ஒருத்தி எங்கள் தெருக் கடைசி வீட்டுக்காரி. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். நான் நின்ற இடத்திலிருந்து அவள் மேலே போய் பி.எட். முடித்துவிட்டாள். இன்னொருத்தி அவள் அம்மை.

அவள் அப்பா சபையில் உபதேசியார். அம்மைக்குச் சர்க்கரை. முதலில் கண்ணை எடுத்துக்கொண்டது, பிறகு சிறுநீரகத்துக்கு வந்தது. முதல்முறை திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அம்மையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியபோது, இவள் வெளியே வராந்தாவில் முழங்கால் போட்டு ஒரு பொருத்தனை செய்தாள். அம்மை குணமாகிறவரை சினிமா பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஒரு காரியம் நடக்க ஆண்டவரிடம் பிடித்ததை விட்டுக்கொடுப்பது அப்படித்தான். சிலர் காபியை விடுவார்கள், சிலர் கறியை விடுவார்கள். இவளிடம் விடுவதற்கு நம்மாளு இருந்தான்.

என்னைவிடப் பெரிய ரசிகை. அவன் தலை சீவும் வகிடு எந்தப் படத்தில் எந்தப் பக்கம் என்று சொல்வாள். அவள் விட்டது சின்ன விஷயம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அம்மை வீடு திரும்பினாள். ஆனால் குணமாகவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை கார் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். அதனால் பொருத்தனையும் நீண்டது. நடுவில் நம்மாளு படம் ஒன்று வந்தது. முதல் காட்சி முடிந்து, தலை முழுக்கக் கலர்ப் பேப்பரோடு நான் தெருவுக்குள் வந்தபோது அவள் வாசலில் நின்றாள்.

“ஏலே, பாத்துட்டியா?”

“பாத்தாச்சு.”

“சொல்லு.”

“ஏட்டி, பொருத்தனை?”

“பாக்க மாட்டேன்னுதான் சொல்லியிருக்கேன். கேக்க மாட்டேன்னு சொல்லல்ல.”

“ஆண்டவர்கிட்டயே வக்கீல் மாதிரி பேசுதியே!”

“அது எனக்கும் அவருக்கும் உள்ளது. நீ உள்ள வந்து கதையச் சொல்லு. அம்மையும் கேக்கணும்ங்கா.”

அப்படித்தான் அந்த வீட்டுக்குள் போனேன்; பிறகு எந்தப் படம் பார்த்தாலும் கதை அங்கே போகும். கட்டிலில் அம்மை, கால்மாட்டில் மகள், எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் நான். ஒருத்தி பார்க்க மாட்டாள், இன்னொருத்தியால் பார்க்க முடியாது. தறி இரைச்சலுக்குள் பேசிப் பழகியவனாதலால் எனக்குப் பாதிக் கதையைக் கையும் முகமும்தான் சொல்லும். கட்டிலில் கிடந்தவளிடம் அது செல்லுபடியாகவில்லை.

“அப்ப நம்மாளு வில்லன கோவமா ஒரு பார்வை பாத்தான் பாருங்க, அத்தை...”

“கோவம்னா எப்படிலே? மூக்கு வெடச்சுதா, பல்லக் கடிச்சானா? எனக்கென்ன கண்ணா தெரியுது, பாருங்கங்க?”

“மூக்குதான் அத்தை.”

“அதச் சொல்லு. அப்புறம், யாருக்குலே நான் அத்தை? அக்கான்னு கூப்பிடு.”

“அக்கான்னா உங்க மகளுக்கு நான் மாமன் ஆயிருவேன். பரவால்லியா?”

மகள் கால்மாட்டிலிருந்து தலையணையை எறிவாள். அத்தை சத்தமாகச் சிரிப்பாள். சண்டைக் காட்சிகளை வேகமாகத் தாண்டச் சொல்வாள். பாட்டு வந்தால் என்ன சேலை, என்ன கலர் என்று கேட்பாள். அதையெல்லாம் நான் தியேட்டரில் கவனிக்கத் தொடங்கினேன். பக்கத்து சீட்டில் பையன்கள் விசில் அடிக்க, நான் கதாநாயகியின் சேலைக்கரையை மனப்பாடம் செய்துகொண்டிருப்பேன். உபதேசியார் பக்கத்து அறையில் வேதத்தைத் திறந்துவைத்திருப்பார். கதையை நான் எங்காவது நிறுத்தினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “பொறவு அந்த இன்ஸ்பெக்டர் என்ன ஆனான்?” என்று குரல் வரும்.

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் நடுவே உள்ள நாட்கள்தான் வருஷத்திலேயே எனக்குப் பிடித்தவை. வீட்டுவாசல்களில் காகித ஸ்டார் தொங்கும். அதை இறக்குவதற்குள் அடுத்த வாசலில் மார்கழிக் கோலம் பெரிதாகிக்கொண்டே போகும். பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறும். அந்த வருஷம் இதோடு நம்மாளு படமும் சேர்ந்துகொண்டது. ஒருபக்கம் பிளக்ஸ் வாசகம் யோசித்தேன், ஒருபக்கம் பொங்கலுக்கு மன்றத்தில் எல்லோரும் ஒரே மாதிரி எடுத்த வெள்ளைச் சட்டையைத் தைக்கக் கொடுத்தேன். கடைசி வீட்டில் இரண்டு பெண்கள் என்னைவிட ஆவலாகக் காத்திருக்கிறார்கள் என்கிற பெருமை வேறு.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் திருநெல்வேலிக்குப் போனவர்கள் உடனே திரும்பிவிட்டார்கள். சுத்தம் செய்ய உடம்பு தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் உபதேசியாரிடம் சொல்லியிருந்தார். அவர் மகளிடம், “கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காவ” என்று மட்டும் சொன்னார். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். காலையும் சாயங்காலமும் கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபித்தாள். தெருவில் என்னைப் பார்த்தால், “பொங்கலுக்குள்ள அம்மை எந்திரிச்சிருவா பாரு. நானே தியேட்டருக்கு வருவேன், உன் கதையெல்லாம் எவனுக்கு வேணும்” என்பாள்.

“அப்ப என் பொழப்பு?”

“நாவல் எழுதுலே, போ.”

கிறிஸ்துமஸ் மறுநாள் மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனேன். உபதேசியார் சபைக்குப் போயிருந்தார். அவள் அடுப்படியில் அச்சுமுறுக்கு சுட்டு, தெருவுக்குக் கொடுத்துவிட எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். அத்தை முகம் வீங்கியிருந்தது. நாற்காலியை இழுக்கிற சத்தத்தில் நான்தான் என்று கண்டுகொண்டாள்.

“வந்துட்டியா? பொங்கல் படத்தச் சொல்லு.”

“அத்தை, படமே இன்னும் வரல்ல.”

“அது எனக்குத் தெரியாதாக்கும். கண்ணுதான் போச்சு, காது இருக்குல்லா. நீ சொல்லு.”

“வராத படத்த எப்படிச் சொல்ல?”

“நாவல் எழுதப் போறேன்னு பீத்துதல்லா. இதுகூட ஆகாதா உன்னால?”

“பொங்கலுக்குப் பாத்துட்டு வந்து ஒழுங்காச் சொல்லுதேன் அத்தை. டிக்கெட் எனக்குத்தான் மொதல்ல தருவாவ.”

அடுப்படியில் டப்பா மூடுகிற சத்தம் கேட்டது. அத்தை அந்தப் பக்கம் காதைத் திருப்பி, மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இப்பச் சொல்லு மக்கா.”

அதற்கு முன் அவள் என்னை மக்கா என்று கூப்பிட்டதில்லை. எனக்குப் புரிந்தது. ஏதாவது கேலி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கதையைத்தான் சொன்னேன்.

கையில் இருந்தது காக்கிக் கோட்டும் மழையும்தான். நம்மாளை லாரி டிரைவராக்கினேன். வடக்கே பல வருஷம் ஓட்டிவிட்டு, பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான்.

“எந்த ஊருக்கு?”

“மதுரைப் பக்கம் ஒரு ஊரு.”

“அங்க என்ன இருக்கு? நம்ம ஊருக்குக் கூட்டிட்டு வாலே. அவன் ஒருநாளும் இங்கன வந்ததில்ல.”

ராஜபாளையம் பஸ்ஸில் ஏற்றி அவனை எங்கள் பஸ் ஸ்டாண்டில் இறக்கினேன். யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. களைப்பில், அங்கே கிடந்த ஈரச் சாக்கு மூட்டையில் உட்கார்ந்துவிடுகிறான். அது மார்க்கெட்டுக்குப் போகிற மல்லிகை. பூக்காரி ஓடிவருகிறாள்.

“என்ன சொல்லுதா?” அத்தை தலையைத் தூக்கினாள்.

“எந்திலே மூதி, உன் கனத்துக்கு என் பூவெல்லாம் சட்னி ஆயிட்டுங்கா.”

“நம்மாளையா?”

“நம்மாளத்தான். அவன் எந்திச்சுக் கோட்டத் தட்டுதான். முன்னாடி தட்டுதான். பின்னாடி முழுக்கப் பூ ஒட்டியிருக்கு, அது அவனுக்குத் தெரியல்ல. அப்படியே கம்பீரமா நடக்கான். டீசர்ல நடந்தான்லா, அதே நடை. பின்னாலயே ஒரு ஆடு வருது, பூவத் திங்க.”

அத்தை சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமலுக்குள்ளேயே மறுபடி சிரித்தாள். அந்தச் சத்தத்துக்கு மகள் அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

“என்னம்மா, என்ன சிரிப்பு?”

“பொங்கல் படம்ட்டி.”

“அதுதான் இன்னும் வரல்லியே?”

பொய் சொல்ல எனக்கு யோசனை தேவைப்படாது. “மதுரையில மன்றத்து ஆளுவளுக்கு மட்டும் முன்கூட்டியே போட்டுக் காட்டுனாவ. வாசகம் எழுதுதவன்னு என்னயும் கூப்புட்டாவ” என்றேன்.

அவள் நம்பவில்லை. அம்மையைப் பார்த்தாள். அத்தை என் மணிக்கட்டை விடாமல், “ஆமாட்டி. நேத்துத்தான் வந்தானாம். உக்காரு, ஆடு பூவத் திங்க எடம் நல்லாருக்கு” என்றாள்.

அம்மை சொன்னதும் அவள் நம்பிவிட்டாள். பொருத்தனைக்குப் பிறகு சினிமாச் செய்தி பக்கமே போகாதவள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்தாள். அவளுக்காக நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். பூக்காரி இடம் வந்தபோது அம்மையும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் முறுக்குத் தட்டோடு தெருவுக்குப் போனாள். நான் அத்தைக்குத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் கதை சொல்லும்போது எனக்கு ஒரு வார்த்தைகூடத் தடுக்காத மத்தியானம் அது ஒன்றுதான்.

புதுவருஷ ஆராதனைக்கு அத்தை இல்லை.

பொங்கலுக்குத் தைத்த வெள்ளைச் சட்டைதான் கல்லறைத் தோட்டத்துக்கும் ஆயிற்று. வேறு வெள்ளைச் சட்டை என்னிடம் கிடையாது. மன்றத்துப் பையன்களும் அதே சட்டையில் வந்து, பெட்டி தூக்க நான்கு பேர் நின்றார்கள். ஒரு கிழவர் எங்களைப் பார்த்து, நாங்கள் எந்த சபைப் பாடகர் குழு என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் அதைவைத்து ஒரு மாதம் ஓட்டியிருப்பேன்.

அவள் அழவில்லை. வந்தவர்களிடம், “பொங்கலுக்குள்ள எந்திரிச்சிருவேம்ட்டின்னு சொன்னா” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பொங்கலன்று படம் வந்தது. காலைக் காட்சிக்குப் போனேன். மேளம் அடித்தார்கள், பாலை ஊற்றினார்கள், நானும் கத்தினேன். படத்தில் நம்மாளு வெளிநாட்டில், பனிமலையில், துப்பாக்கியோடு அலைகிறான். ஒரு பஸ்கூடப் படத்தில் இல்லை. காக்கிக் கோட்டு, ராணுவக் கோட்டு.

அவளிடம் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவளே வாசலுக்கு வந்துவிட்டாள்.

“என்னயத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போ.”

“ஏட்டி, பொருத்தனை...”

“அது யாருக்காக இருந்துதோ, அவ இல்லையே.”

“டிக்கெட் இல்லட்டி. பண்டிகை நாளு, எல்லாக் காட்சியும் ஃபுல்லு. நான் வேணா சொல்லுதேன், உக்காரு.”

“நீதான் சொல்லிட்டியே. எனக்கு அந்த எடத்தப் பாக்கணும். அம்மை சிரிச்ச எடம்.”

நான் ஏதேதோ சொல்லித் தட்டினேன். காணும் பொங்கலன்று அவளே போனில் டிக்கெட் போட்டு, துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு என்னைக் கிளப்பினாள். மத்தியானக் காட்சி. ஊர் முழுக்கத் தியேட்டரில்தான் இருந்தது. நம்மாளு திரையில் வந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் பார்க்கிறாள், வகிடைக்கூடக் கவனிக்கவில்லை. மடியில் கையைக் கோத்து, பஸ் ஸ்டாண்டில் யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

இடைவேளையில் கேட்டாள். “பூக்காரி ரெண்டாவது பாதியிலயா?”

“உனக்கு டீ வாங்கட்டுமா?”

“வேண்டாம். எந்திச்சுப் போனா சீன விட்டுருவோம்.”

இரண்டாவது பாதியிலும் பனிதான் பெய்தது. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் கூட்டம் கலைந்தது. அவள் அசையவில்லை.

“பேரெல்லாம் ஓடுன பொறவு வருமோ?”

பெயர்களும் முடிந்து திரை வெள்ளையாயிற்று. துடைப்பத்தோடு ஒரு அக்கா வந்து, “தங்கச்சி, எந்தி. அடுத்த ஷோவுக்கு ஆள விடணும்” என்றாள். அவள் எழுந்து, வரிசைக்கு வெளியே வந்து, மறுபடி நின்று திரையைப் பார்த்தாள்.

“நம்மூர்ல அந்த சீன வெட்டிட்டாவளோ?”

ஆமா என்று ஒரு வார்த்தை போதும். நீளமான படத்தில் அங்கங்கே குறைப்பது நடக்கிறதுதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல், “நம்ம பூக்காரி சம்பளம் கூடக் கேட்டிருப்பா போல” என்று ஆரம்பித்தேன்.

“வெளயாடாதலே. நெசத்தச் சொல்லு.”

சொன்னேன். மதுரைக் காட்சி கிடையாது என்றேன். லாரியும் பூ மூட்டையும் ஆடும் நான் விட்ட கதை என்றேன்.

“எங்கம்மைய ஏமாத்துனியா?”

“இல்லட்டி, சத்தியமா இல்ல. அவங்களுக்குத் தெரியும். படம் வரல்லன்னு தெரிஞ்சுதான், இப்பவே சொல்லுன்னு கேட்டாவ.”

அது அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“பொங்கல் வரைக்கும் ஏன் பொறுக்கல்ல?”

அவளே கண்டுபிடித்தாள். கண்டுபிடிப்பது அவள் முகத்தில் தெரிந்தது. முதலில் புருவம், பிறகு உதடு.

“அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.”

நான் கீழே சிதறிக்கிடந்த கலர்ப் பேப்பரைக் காலால் ஒதுக்கினேன்.

“நான் தெனமும் அவ கட்டிலுக்குப் பக்கத்துல முழங்கால் போட்டு, பொங்கலுக்குள்ள எந்திக்க வையும் ஆண்டவரேன்னு ஜெபிச்சேன். ஒவ்வொண்ணுக்கும் ஆமென் சொன்னாளே. உங்கிட்ட மட்டும் எப்படிலே சொன்னா?”

“எங்கிட்டயும் வாயால சொல்லல்லட்டி.”

“உனக்குப் புரிஞ்சுதுல்லா?”

“புரிஞ்சுது.”

“அன்னைக்கு நான் மாவுக் கையோட வந்து சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்குத் தெரிஞ்சிருந்தா முறுக்குத் தட்டத் தூக்கிட்டுத் தெருவுக்குப் போவனா? அவ பக்கத்துல இருந்திருப்பேன்லா?”

அப்போதுதான் அவள் அழுதாள். துடைப்பத்து அக்கா அடுத்த வரிசைக்குப் போய், அங்கே பெருக்குகிற மாதிரி நின்றுகொண்டாள்.

வெளியே வந்தோம். சாயங்காலக் காட்சிக்குக் கூட்டம் நின்றது. மன்றத்துப் பையன்கள் மேளத்தோடு வாசலை அடைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் ஓரமாகப் போய் ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். ஏறுவதற்கு முன் திரும்பினாள்.

“அவ கதைய முடிவு வரைக்கும் கேட்டாளா?”

“இல்லட்டி. பாதியில அசந்துட்டாவ. மிச்சத்த நாளைக்குச் சொல்லுதேன்னு எந்திச்சு வந்துட்டேன்.”

“மறுநாளு போனியா?”

“போனேன். அன்னைக்கு அவங்களுக்குப் பேச்சு இல்ல.”

“என்ன முடிவு வச்சிருந்த?”

“ஒண்ணும் வைக்கல்ல. போற போக்குல வரும்னு நெனச்சேன்.”

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிறகு பனவடலிசத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள், எதிரே பார்த்தால் நிற்கிறாள், வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்கிறாள். படம் பார்த்தியா என்று கேட்பதில்லை.

அன்று ஆட்டோ கோவில் பக்கம் திரும்புகிறவரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்து, “ஏலே எழுத்தாளரு, வந்து ஆடுலே!” என்று கூட்டத்துக்குள் இழுத்தான். மேளம் அடித்தது, தலையில் கலர்ப் பேப்பர் கொட்டியது. அதை ஒருத்தன் வீடியோ எடுத்து மன்றத்து குரூப்பில் போட்டிருக்கிறான். அதில் நான் கையைத் தூக்கி நன்றாகத்தான் ஆடுகிறேன்.